கல்லுக்குள் ஒரு பூச்சி: ஜுராசிக் காலப் பூச்சியை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று பிளந்ததும் உள்ளே இறக்கை மாதிரி ஏதோ தெரியும், அடுத்த நிமிடமே "இது என்ன பூச்சி?" என்ற கேள்வியோடு ஒரு போட்டோ எனக்கு வந்துவிடும். ஜெர்மனியில் வேலைக்கும் படிப்புக்கும் போன தெரிந்தவர்கள், பவேரியாவில் ஐக்ஷ்டெட், சோல்ன்ஹோஃபன் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டு வந்து கேட்பதுதான் அதிகம். கண்காட்சிகளில் கல் வாங்கியவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கல்லில் பூச்சி மாதிரி ஏதோ இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்யாதீர்கள், முக்கியமாகத் தேய்த்துக் கழுவாதீர்கள். பல் துலக்கும் பிரஷ், வினிகர், எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டாம். இப்படிப்பட்ட கல்லில் பூச்சி என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு தாளின் கனம்கூட இல்லாத படலம், சில சமயம் வெறும் அச்சு. ஒரு தடவை அழுத்தித் துடைத்தால் போயே போய்விடும்.

அப்புறம், கல் இரண்டாகப் பிளந்திருந்தால் இரண்டு பாதியையும் எடுத்து வையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒரு பாதியில் உடல் ஒட்டிக்கொண்டிருக்கும், மறு பாதியில் அதன் அச்சு இருக்கும். ஒன்றில் தெரியாத இறக்கை நரம்பு மற்றதில் பளிச்சென்று தெரியும். "அழகான பக்கத்தை மட்டும் கொண்டு வந்தேன், மற்றதைக் குவாரியிலேயே போட்டுவிட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும். கல்லின் பின்பக்கத்தில் பென்சிலால் தேதியும் இடமும் எழுதுங்கள். இரண்டு பாதிக்கும் ஒரே எண் போடுங்கள்.

எங்கே கிடைத்தது என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? பூச்சியைப் பார்த்தாலே தெரியாதா?

தெரியாது. இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, இடம் தெரியாவிட்டால் நல்ல கல்லும் ஊமைக் கல்தான்.

காரணம் இதுதான். ஜுராசிக் என்பது சுமார் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த, ஐந்தரைக் கோடி ஆண்டு நீளமுள்ள காலம். அதில் பூச்சிகள் நன்றாகப் பதிந்த இடங்கள் உலகத்தில் கொஞ்சம்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சோல்ன்ஹோஃபன் கல் ஏறக்குறைய 15 கோடி ஆண்டுப் பழையது. அது ஒரு கடற்கழி. அடியில் உப்பு மிகுந்து ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த நீர், அதனால் விழுந்த உடலைத் தின்ன ஆளில்லை, மெல்லிய சுண்ணாம்புச் சேறு மெதுவாக மூடிவிட்டது. ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற சிறகுள்ள விலங்கு அங்கே 1861ல் உலகுக்குத் தெரிய வந்தது இதனால்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது கடல். பூச்சி அங்கே வாழவில்லை, பக்கத்து நிலத்திலிருந்து பறந்தோ காற்றில் அடித்துக்கொண்டோ வந்து விழுந்தது. அதனால் அங்கே பெரிய இறக்கையுள்ள தட்டான்கள், பெரிய வெட்டுக்கிளிகள், சில்வண்டுக்கு உறவான பருத்த பூச்சிகள், பெரிய நீர்ப்பூச்சிகள் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவுப் பூச்சிகள் அதிகம். கொசு அளவுள்ளவை அபூர்வம்.

சீனாவில் உள் மங்கோலியாவின் நிங்செங் வட்டாரத்தில் உள்ள தாவ்ஹூகோவ் அப்படியில்லை. அது சுமார் 16.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் விழுந்துகொண்டிருந்த நன்னீர் ஏரி. குட்டி ஈக்கள், நீரில் வாழும் இளம்பூச்சிகள், மெல்லிய உடலில் ரோமம்கூடத் தெரிகிற பூச்சிகள் எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. கசகஸ்தானில் கரதாவ் மலையும் ஏரிப் படிவுதான். 1920களிலேயே மார்த்தினவ் என்ற ரஷ்ய அறிஞர் அந்தப் பூச்சிகளை விவரிக்கத் தொடங்கிவிட்டார், அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான கற்கள் மாஸ்கோவுக்குப் போயின. இங்கிலாந்தில் டார்செட் கடற்கரையில் சார்மத் ஊரின் பாறைகள் இன்னும் பழையவை, ஜுராசிக்கின் முற்பகுதி.

ஆக, "கடற்கழிக் கல்லில் மூன்று மில்லிமீட்டர் ஈ" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவேன், அதையே ஏரிக் கல்லில் என்று சொன்னால் உடனே லென்ஸை எடுப்பேன். இடம் இப்படித்தான் உதவுகிறது. பெயர்களின் பட்டியல் ஆயிரத்திலிருந்து ஐம்பதாகச் சுருங்கிவிடும்.

இது பூச்சிதானா என்றே எனக்குச் சந்தேகம். எப்படி உறுதி செய்வது?

நல்ல சந்தேகம், அதை விடாதீர்கள். சோல்ன்ஹோஃபன் கல்லில் "பூச்சி" என்று எனக்கு வருகிற படங்களில் பெரும்பாலானவை பூச்சியே இல்லை.

நான் முதன்முதலாக ஐக்ஷ்டெட் பக்கத்துப் பார்வையாளர் குவாரியில் ஒரு கல்லைப் பிளந்தபோது, நடுவில் சின்னப் பொட்டு, சுற்றிச் சுருண்ட கால்கள், சிலந்தியேதான் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது சாக்கோகோமா. கடல் அல்லி வகை, மிதந்து வாழ்ந்தது, அந்தக் குவாரிகளில் மிகச் சாதாரணம். கால்கள் என்று நினைத்தவை அதன் பத்துக் கைகள். கைகளை எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இப்படி ஏமாறுவது புதியவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அதே கற்களிலிருந்து கிடைத்த, நீண்ட கால்களும் தட்டையான உடலுமுள்ள ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்ஸ்டர் பிரபு சிலந்திக்கு உறவானது என்று எண்ணி, அதற்கேற்ற பெயரும் வைத்தார். அது சிங்கி இறாலின் இளம் பருவம் என்று பிற்பாடுதான் தெளிவானது. முதிர்ந்த இறாலுக்கும் அந்தக் குஞ்சுக்கும் தோற்றத்தில் எந்தச் சம்பந்தமும் இருக்காது, அவரைக் குறை சொல்ல முடியாது.

பாசி படர்ந்தது மாதிரி, பெரணி இலை மாதிரி கல்லில் கறுப்பாகக் கிளைவிடுவது உயிரே இல்லை. மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு கல் இடுக்கில் ஊறிப் படிந்த கோலம். மீன் செதிலும் சிப்பி ஓடும் வண்டின் மேலிறக்கை போலவே ஏமாற்றும்.

பார்க்க வேண்டியது: உடல் தலை, மார்பு, வயிறு என்று மூன்றாகப் பிரிகிறதா, கால்கள் மார்பிலிருந்துதான் கிளம்புகின்றனவா, ஆறுதானா, இறக்கை என்று நினைப்பதில் ஒழுங்கான நரம்புகள் ஓடுகின்றனவா. இறக்கையில் நரம்பு தெரிந்தால் சண்டையே இல்லை, பூச்சிதான்.

ஜுராசிக் காலத்துதான் என்பது எப்படித் தெரியும்?

பூச்சியை வைத்துத் தெரியாது, பாறையை வைத்துத்தான் தெரியும். கடல் பாறையில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிர்கள் அடுக்குக்கு அடுக்கு மாறிக்கொண்டே போகும். எந்த அம்மோனைட் இருக்கிறதோ அதை வைத்து அடுக்கின் வயது சொல்வார்கள். ஏரிப் பாறையில் அம்மோனைட் இருக்காது, அங்கே எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வயது காண்கிறார்கள்.

வாங்கிய கல்லாக இருந்தால் சீட்டில் "ஜுராசிக்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். சீனாவின் லியாவ்னிங் மாகாணத்துப் பூச்சிக் கற்கள் நிறையச் சுற்றுகின்றன. அந்தப் படிவுகளின் வயதைப் பற்றி நீண்ட காலம் வாதம் நடந்தது, ஜுராசிக்கின் கடைசி என்று பலர் எழுதினார்கள். இப்போது அங்குள்ள யிசியன் அடுக்குகள் சுமார் 12.5 கோடி ஆண்டு, அதாவது ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரிட்டேசியஸ் காலம் என்று தெளிவாகிவிட்டது. சீட்டுகள் மட்டும் மாறவில்லை. அதேபோல வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் ஆரஞ்சுப் பழுப்பு நிறத்தில் முழுசாக ஒரு வெட்டுக்கிளியோ கரப்பானோ இருந்தால் அது பிரேசிலின் கிராட்டோ கல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதுவும் கிரிட்டேசியஸ்தான். தவிர, பிரேசிலில் 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லுயிர் எச்சங்கள் அரசுச் சொத்து, அந்தக் கல் எப்படி வெளியே வந்தது என்பதை வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

என்னிடம் ஆம்பருக்குள், அதாவது இறுகிக் கல் போலான மரப்பிசினுக்குள், பூச்சி இருக்கிறது. அது ஜுராசிக்தானே?

அநேகமாக இல்லை. கடைகளில் கிடைப்பதில் பால்டிக் ஆம்பர் டைனோசர்கள் அழிந்து வெகு காலத்துக்குப் பிந்தியது, மியான்மரின் கச்சின் ஆம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டு, கிரிட்டேசியஸ். பூச்சிகள் தாராளமாகக் கிடைக்கும் ஆம்பர்களில் மிகப் பழையது என்று பேசப்படும் லெபனான் ஆம்பரும் கிரிட்டேசியஸின் முற்பகுதிதான். ஜுராசிக் பூச்சி வேண்டுமென்றால் கல்லுக்குத்தான் வர வேண்டும்.

இறக்கை நரம்பு, இறக்கை நரம்பு என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பூச்சி செத்துத் தண்ணீரில் விழுந்தால் உடல் அழுகிவிடும், தலை கழன்றுவிடும், கால்கள் உதிர்ந்துவிடும். இறக்கை மட்டும் காய்ந்த சருகு மாதிரி நிற்கும். அதில் ஓடும் நரம்புகளின் அமைப்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, கைரேகை போல. முன் ஓரத்தில் கோஸ்டா, அதன் பின்னால் சப்கோஸ்டா, பிறகு ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ், கடைசியில் உடலை ஒட்டி ஏனல் நரம்புகள். எல்லா இறக்கைப் பூச்சிகளின் நரம்புகளையும் ஒரே பெயர்களால் அழைக்கலாம் என்று கோம்ஸ்டாக், நீடம் என்ற இருவர் 1898ல் காட்டிய பிறகுதான் ஒரு தட்டானையும் ஒரு கரப்பானையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வழி ஒழுங்கானது. ஒரு எச்சரிக்கை: தட்டான்களின் நரம்புக்கு மட்டும் வெவ்வேறு அறிஞர்கள் வெவ்வேறு பெயர்முறை வைத்திருக்கிறார்கள். பழைய கட்டுரையில் ஒரு பெயரில் இருக்கும் நரம்பு புதிய கட்டுரையில் வேறு பெயரில் இருக்கும். எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளாமல் இரண்டு படங்களை ஒப்பிட்டால் தலை சுற்றும்.

இன்னொன்று, இறக்கை சமதளம் இல்லை. விசிறி மடிப்பு மாதிரி ஒரு நரம்பு மேட்டில் ஓடும், அடுத்தது பள்ளத்தில் ஓடும். கோஸ்டா மேடு, சப்கோஸ்டா பள்ளம், ரேடியஸ் மேடு. கல்லில் பதிந்தது அச்சா அசலா, இறக்கையின் மேற்பக்கமா கீழ்ப்பக்கமா என்பதைப் பொறுத்து இந்த மேடு பள்ளம் தலைகீழாகும். களிமண்ணில் உள்ளங்கையை அழுத்தினால் ரேகைகள் மாறிப் பதிவது போலத்தான். இதைக் கவனித்தால் இடது இறக்கையா வலது இறக்கையா என்று சொல்லிவிடலாம். கவனிக்காவிட்டால் நரம்புகளுக்கு வரிசை மாற்றிப் பெயர் வைத்து, இல்லாத ஒரு பூச்சியை உண்டாக்கிவிடுவோம்.

ஒரு உதாரணம் சொல்லுங்கள். நரம்பைப் பார்த்து எப்படிப் பெயருக்குப் போவது?

என் அக்கா மகன் ஐக்ஷ்டெட் பக்கம் எடுத்த ஒரு கல்லைச் சொல்கிறேன். விரல் நீளத்தில் ஒரே ஒரு இறக்கை, நுனி உடைந்து போயிருந்தது. உடல் இல்லை.

முன் ஓரத்தில் நடுவாக ஒரு முடிச்சு. முன் நரம்பு அந்த இடத்தில் லேசாக வெட்டுப்பட்டது போல் மடங்கும், சப்கோஸ்டா அங்கே வந்து முடியும். இதற்கு நோடஸ் என்று பெயர், இதைப் பார்த்ததுமே தட்டான் கூட்டம் என்று சொல்லிவிடலாம், வீட்டு வாசலில் பறக்கும் தட்டானிலும் இதே முடிச்சு இருக்கிறது. அடுத்து இறக்கையின் அடிப்பகுதி. ஊசித்தட்டானாக இருந்தால் அங்கே நாற்கோணமாக ஒரு கட்டம் இருக்கும், அடியும் காம்பு போல ஒடுங்கும். இந்தக் கல்லில் முக்கோணம் இருந்தது, அடி அகலமாக இருந்தது. அப்படியென்றால் நாம் தட்டான் என்று சாதாரணமாகச் சொல்லும் பெரிய வகை, அதிலும் பின்னிறக்கை. பின்னிறக்கையின் அடியில் உட்புற ஓரம் வளையாமல் கோணமாக வெட்டியது போல் இருந்தது. பல தட்டான் குடும்பங்களில் இது ஆணுக்குத்தான் உண்டு. உடலே இல்லாத ஒரு பிய்ந்த இறக்கையிலிருந்து, 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் கடலில் விழுந்தது ஆண் தட்டான் என்று சொல்ல முடிகிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

அதற்கு மேல்? சோல்ன்ஹோஃபன் தட்டான்களில் நன்றாக அறியப்பட்ட ஒன்று சைமட்டோஃபிளீபியா. கிரேக்கத்தில் அலை நரம்பு என்று பொருள், இறக்கையின் வெளிப்பாதியில் சில நரம்புகள் நேராக ஓடாமல் அலை போல வளைந்து ஓடும். எங்கள் கல்லில் அந்த வெளிப்பாதிதான் உடைந்து போயிருந்தது. அதனால் பெயர் "பெருந்தட்டான் கிளை, ஆண், பின்னிறக்கை" என்பதோடு நின்றது. பையனுக்கு வருத்தம்தான், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்களேன் என்றான். கல்லில் இருக்கிற வரைக்கும்தான் பெயர் போகும், அதற்கு மேல் எழுதினால் அது நம் ஆசை.

அந்தக் காலத்தில் இன்னொரு கூட்டமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். உடல் பெருந்தட்டான் போலக் கனமாக இருக்கும், இறக்கை அமைப்பில் ஊசித்தட்டானின் சாயல் இருக்கும். புதியவர்கள் இரண்டில் ஒன்றில் அடைத்துவிடப் பார்ப்பார்கள், இரண்டிலும் சேராது. இந்த நடுவாந்திர வகைக்கு நெருங்கியதாகச் சொல்லப்படும் எபியோஃபிளீபியா இன்றும் உயிரோடு இருக்கிறது, ஜப்பானிலும் நம் டார்ஜிலிங் பக்கத்து இமயமலை ஓடைகளிலும்.

இறக்கை இல்லை, வண்டு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டுதான் இருக்கிறது. பெயர் கிடைக்குமா?

பெரும்பாலும் "வண்டு" என்பதோடு நிற்கும். வண்டின் கெட்டியான மேலிறக்கை எல்லாக் காலத்திலும் நன்றாகப் பதியும், ஆனால் அதில் நரம்பு தெரியாது. குடும்பம் சொல்ல வேண்டுமானால் அடிவயிற்றுப் பக்கம், பின்னங்காலின் அடித்தட்டு மார்போடு சேரும் இடம் தெரிய வேண்டும். அதனால் வண்டு மல்லாந்து பதிந்திருந்தால் சந்தோஷப்படுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மேலிறக்கை முழுவதும் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், சல்லடை மாதிரி இருந்தால் அது பழமையான ஒரு வண்டுக் கூட்டம். ஜுராசிக்கில் சகஜம், இன்று மிகச் சில இனங்களே மிச்சம்.

எறும்பு, தேனீ, பட்டாம்பூச்சி?

ஜுராசிக் எறும்பு, ஜுராசிக் தேனீ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நமக்குத் தெரிந்த மிகப் பழைய எறும்புகளே கிரிட்டேசியஸில்தான் வருகின்றன, தேனீயும் அப்படித்தான்.

பட்டாம்பூச்சி விஷயம் சுவையானது. அதன் மூதாதைக் கூட்டமான விட்டில்கள் ஜுராசிக்கில் இருந்தன. டார்செட்டின் சார்மத் பாறையில் கிடைத்த ஆர்க்கியோலெப்பிஸ் என்ற சின்னஞ்சிறு பூச்சியை 1985ல் வேலி என்ற அறிஞர் விவரித்தார், வயது சுமார் 19 கோடி ஆண்டு. எப்படி விட்டில் என்று தெரிந்தது? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இறக்கை மேல் செதில்கள் தெரிந்தன. பட்டாம்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டுமே பொடி, அதே செதில். 2018ல் வட ஜெர்மனியில் துளையிட்டு எடுத்த பாறைத் தூணில், ஜுராசிக் தொடங்கும் எல்லையை ஒட்டிய அடுக்கில், செதில்கள் மட்டும் தனியாகக் கிடைத்தன.

அப்படியானால் படங்களில் நாம் பார்க்கும், இறக்கையில் கண் போன்ற வட்டத்தோடு இருக்கும் பெரிய "ஜுராசிக் பட்டாம்பூச்சி"? அது காலிகிராமா. சோல்ன்ஹோஃபன் கல்லிலிருந்து 1904ல் வால்தர் விவரித்தார், ஜெர்மன் உயிரியல் அறிஞர் ஹெக்கலின் பெயரை வைத்தார். அது பட்டாம்பூச்சிக்கு உறவே இல்லை. நம் தோட்டத்தில் அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் சொந்தம். பட்டாம்பூச்சி தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டு முன்னாலேயே அதே கோலத்தை வேறொரு குடும்பம் தானாகவே போட்டுப் பார்த்திருக்கிறது.

நிபுணர்கள் சொன்ன பெயரும் மாறியதுண்டா?

நிறைய. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் கல்லில் கிடைத்த ஒரு இறக்கையை 1873ல் பட்லர் பட்டாம்பூச்சி என்று விவரித்தார், பேலியோன்டினா என்று பெயர். அகலமான முக்கோண இறக்கை, பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டு வருடத்துக்குள்ளேயே அமெரிக்காவின் ஸ்கடர் நரம்புகளைப் பார்த்து இது சில்வண்டுப் பக்கத்துப் பூச்சி என்று மறுத்தார். அவர் சொன்னதுதான் நின்றது. உருவத்தைப் பார்த்தவர் ஒன்று சொன்னார், நரம்பைப் பார்த்தவர் வேறு சொன்னார்.

இரண்டாவது, ஸ்ட்ராஷிலா. சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு அப்பாலுள்ள ஜுராசிக் பாறையிலிருந்து ரஸ்னித்சின் 1992ல் விவரித்தார். இறக்கை இல்லை, பின்னங்கால்கள் மட்டும் இடுக்கி போலப் பருத்திருந்தன. எதையோ கவ்விப் பிடித்துக்கொள்ளும் கால்கள் என்றால் ஒட்டுண்ணியாக இருக்கலாம், அந்தக் காலத்தில் யார் மேல் ஒட்டியிருக்கும், பறக்கும் ஊர்வனவான டெரோசர்களின் இறக்கைத் தோல் மேல் இருக்கலாம் என்று கருதினார். யோசனையில் தவறே இல்லை, இருந்த சான்றுக்கு அது பொருந்தியது. பிறகு தாவ்ஹூகோவில் அதே கூட்டத்தைச் சேர்ந்த புதிய கற்கள் கிடைத்தன, சிலவற்றில் இறக்கை இருந்தது. 2013ல் ஹுவாங்கும் கூட்டாளிகளும் இவை ஒட்டுண்ணியே அல்ல, நீரோரம் வாழ்ந்த ஒரு வகை ஈ, இன்றும் ஓடைகளில் வாழும் ஒரு சிறு ஈக் குடும்பத்துக்கு நெருக்கமானவை, இறக்கையைப் பின்னால் உதிர்த்துவிடுபவை என்று காட்டினார்கள். டெரோசரின் உண்ணி ஒரே கட்டுரையில் ஓடைக்கரை ஈ ஆனது.

சோல்ன்ஹோஃபனின் கிரெஸ்மோடாவுக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. நீர்மேல் ஓடுவதற்கேற்ற மிக நீண்ட கால்கள், 1839லேயே ஜெர்மார் பெயர் வைத்துவிட்டார். கும்பிடு பூச்சி, குச்சிப்பூச்சி, நீர்மேல் ஓடும் பூச்சி என்று ஒவ்வொரு வீடாக மாற்றிப் பார்த்தாகிவிட்டது, எதில் சேர்ப்பது என்று ஒருமித்த முடிவு இல்லை.

அடையாளம் கண்டு என்ன ஆகப்போகிறது? பெயர் ஒரு லேபிள்தானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தாவ்ஹூகோவின் ஒரு பூச்சியைத்தான் சொல்வேன். ஆர்க்கபாய்லஸ் மியூசிகஸ். நீண்ட உணர்கொம்புள்ள வெட்டுக்கிளிகளின் பழைய உறவு. இவை முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்புபவை. ஒரு இறக்கையின் நரம்பில் அரம் போல பற்கள் வரிசையாக இருக்கும். இந்தக் கல்லில் இரண்டு முன்னிறக்கைகளும், அந்தப் பற்களும் எண்ணி அளக்கிற தெளிவில் பதிந்திருந்தன. என்ன குடும்பம் என்று தெரிந்ததால், இன்று வாழும் உறவினர்களின் இறக்கையோடும் ஓசையோடும் ஒப்பிட முடிந்தது. 2012ல் வெளிவந்த ஆய்வு, அது சுமார் 6.4 கிலோஹெர்ட்ஸில் ஒரே சுருதியில் கூவியிருக்கும் என்று சொன்னது. மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலிதான். பெயர் தெரியாத இறக்கையாகவே இருந்திருந்தால் 16.5 கோடி ஆண்டு பழைய இரவுக் காட்டின் சத்தம் நமக்குக் கிடைத்திருக்காது.

அதே இடத்தில் ஜிங்கோ மரத்தின் இலை போலவே இறக்கையையும் உடலையும் வைத்துக்கொண்டு மறைந்து வாழ்ந்த ஒரு தொங்கும் பூச்சியும் கிடைத்தது, அதுவும் 2012. பக்கத்து அடுக்குகளில் கிடைத்த இலையையும் பூச்சியையும் அருகருகே வைத்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. அதனால் பூச்சியோடு கிடைக்கும் இலையையும் தூக்கி எறியாதீர்கள்.

போட்டோ எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

கேமராவைக் கல்லுக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், நாணயம் வேண்டாம், எல்லோருக்கும் எல்லா நாட்டு நாணயமும் தெரியாது. விளக்கை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டியபடி தாழ்வாக, இடது மேல் மூலையிலிருந்து அடியுங்கள். அப்போதுதான் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். இடது மேல் என்பது பொதுவாக எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம், மாற்றி அடித்தால் பார்ப்பவர் கண்ணுக்கு மேடு பள்ளமாகத் தோன்றும். முழுக் கல், பூச்சி மட்டும், இறக்கையின் அடி, இறக்கையின் நுனி, மறு பாதி, கல்லின் விளிம்பு என்று தனித்தனிப் படங்கள். ஃபில்டர் போடாதீர்கள், கூர்மை கூட்டாதீர்கள்.

தாவ்ஹூகோவ் மாதிரி மென்களிமண் கல்லில், பூச்சி மேல் துளி எத்தனால் விட்டால் அது காயும் வரை நரம்புகள் அழகாகக் கறுத்துத் தெரியும். ஆய்வாளர்களே இப்படித்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் முதலில் கல்லின் ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள், பசை போட்டு ஒட்டிய கல்லாக இருந்தால் பசை கரையும்.

போட்டோ அனுப்பினால் இனப் பெயர் சொல்வீர்களா?

மாட்டேன். வரிசை சொல்லலாம், அதாவது தட்டானா, கரப்பானா, ஈயா, நாவாய்ப் பூச்சியா என்று. படம் நன்றாக இருந்தால் குடும்பம் சொல்லலாம். இனம் சொல்ல, கல்லை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து வரைந்து, அந்த இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்ட மூலக் கல்லோடு ஒப்பிட வேண்டும். செல்போன் ஆப் சொல்லும் பெயரை நம்ப வேண்டாம், அது இன்று வாழும் பூச்சிகளைப் பார்த்துப் பழகியது.

போலியைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இருட்டில் அடித்துப் பாருங்கள். கல், எச்சம், பசை, பெயின்ட் எல்லாம் வேறு வேறு நிறத்தில் ஒளிரும் அல்லது ஒளிராமல் நிற்கும். பெயின்டால் நீட்டிய கால் அப்போது தனியாகத் தெரிந்துவிடும். லென்ஸில் பார்க்கும்போது நரம்பு ஒரே கனத்தில் தூரிகை இழுத்தது போல ஓடினால் சந்தேகப்படுங்கள், உண்மையான நரம்பு அடியிலிருந்து நுனிக்குப் போகப் போக மெலியும். முழுப் போலியைவிட, உண்மையான இறக்கைக்கு உடலும் காலும் வரைந்து சேர்த்ததுதான் அதிகம்.

இந்தியாவில், இலங்கையில் ஜுராசிக் பூச்சி கிடைக்குமா?

இந்தியாவில் உண்டு. பிராணஹிதா, கோதாவரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெலங்கானா, மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய கோட்டா படிவுகள் ஜுராசிக் காலத்தவை. பாராபசாரஸ் என்ற பெரிய டைனோசரும் பழைய மீன்களும் அங்கே கிடைத்தவைதான். அங்கிருந்து பூச்சிகள் பற்றி 1950களிலேயே எழுதியிருக்கிறார்கள். உலகம் அறிந்த ஜுராசிக் பூச்சிகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவின் வடபாதியிலிருந்தும் வந்தவை, தென்கண்டங்களிலிருந்து கிடைத்தவை மிகக் குறைவு. அதனால் கோட்டாவின் ஒரு கரப்பான் இறக்கைக்கு இருக்கும் மதிப்பு சோல்ன்ஹோஃபனின் பத்தாவது தட்டானுக்கு இருக்காது என்பது என் அபிப்பிராயம். அங்கே இன்னும் நிறையப் பேர் பூச்சிக்காகவே கல் உடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரியலூர் பாறைகள் கிரிட்டேசியஸ், கடல் உயிர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செடி எச்சங்களை முன்பு ஜுராசிக் என்று எழுதினார்கள், இப்போது கிரிட்டேசியஸின் தொடக்கம் என்கிறார்கள். இலங்கையில் புத்தளம் மாவட்டத்துத் தப்போவப் படிவுகள் ஜுராசிக்தான், இலை அச்சுகளுக்குப் பெயர் போனவை. இலை பதியும் அளவுக்கு நுண்ணிய சேறு இருந்த இடத்தில் பூச்சி இறக்கையையும் தேடிப் பார்ப்பது தவறில்லை.

என் கல் புதிய இனமாக இருந்தால்?

அப்படி நடப்பதுண்டு, பொழுதுபோக்காகக் கல் உடைத்தவர்கள் கண்டெடுத்தவை பல ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கின்றன. ஆனால் புதிய பெயர் வைக்க வேண்டுமானால் அந்தக் கல் எவரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பொதுச் சேகரிப்பில் இருந்தாக வேண்டும் என்று பெரும்பாலான ஆய்விதழ்கள் கேட்கும். வீட்டு ஷோகேஸில் இருக்கும் கல்லுக்கு யாரும் பெயர் வைக்க முன்வர மாட்டார்கள். பவேரியாவில் எடுத்த கல்லென்றால் ஐக்ஷ்டெட்டின் ஜுரா அருங்காட்சியகத்தையோ சோல்ன்ஹோஃபன் ஊர் அருங்காட்சியகத்தையோ கேட்கலாம், இரண்டும் இந்தக் கற்களோடே வாழ்பவை. இந்தியாவில் எடுத்ததென்றால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. போகும்போது இரண்டு பாதியையும், எடுத்த இடத்தின் குறிப்பையும் கொண்டு போங்கள்.

அக்கா மகனின் கல் இன்னும் அவன் மேசையில்தான் இருக்கிறது. அதே குவாரிக்கு மறுபடி போகும்போது மிச்ச நுனி கிடைக்குமா என்று கேட்கிறான். அதே தட்டானின் நுனி கிடைக்க வழியில்லை, அந்த அடுக்கு எப்போதோ கல் குவியலுக்குப் போயிருக்கும். வேறொரு தட்டானின் நுனி கிடைக்கலாம், போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.